நம்ம தெரு நலச்சங்கம், குமாரபாளையம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவரய்யா, பொருளாளர் அண்ணன், வந்திருக்கற 19 பேருக்கும் வணக்கமுங்க. சங்கத்துல மொத்தம் 64 குடும்பம்ங்கறத முதல்லயே சொல்லிடறேன்.

ஆடி 18க்கு காவிரிக்கரைல அன்னதானம், பொங்கலுக்கு கோலப்போட்டி, ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது. சாக்கடை தூர்வாரச் சொல்லி ரெண்டு மனு குடுத்தோம், ஆள் வந்தது ஒரு தடவ. கமிட்டி கூட்டம் 6, அதுல 2 ஆள் பத்தாம டீ குடிச்சிட்டு கலைஞ்சோம்.

இனி காது டெஸ்ட் கேம்ப். இதுக்கு எதுக்கு சங்கப் பணம்னு குரூப்ல கேட்டவங்க யாரும் இன்னிக்கு வரலை, இருந்தாலும் சொல்றேன். 26 வருசமா தறி ஓட்டுறவன் நான். வீட்ல கூப்பிட்டா சத்தம் கேக்குது ஆனா என்ன சொன்னாங்கன்னு புரியல, டிவி சவுண்ட ஏத்தறேன், பேத்தி பேசறது பாதி போயிடுது, கேட்டா தறிக்காது அப்படித்தான்னு நானே சொல்லிட்டு இருந்தேன். போய் டெஸ்ட் எடுத்ததுல கட்டைச் சத்தமெல்லாம் நார்மல், 4000 ஹெர்ட்ஸ்ங்கற கீச்சுச் சத்தத்துகிட்ட மட்டும் ரிசல்ட் படத்துல கோடு பள்ளத்துல விழுந்து நிக்குது, 55 டெசிபல் (சத்தத்தோட அளவு) வரைக்கும் ஏத்தினாத்தான் கேக்குது. இது மெசின் சத்தத்தால நரம்பு பாதிச்சது, போனது திரும்பாதுங்கன்னு காது டெஸ்ட் எடுக்கற ஆடியாலஜிஸ்ட் பொண்ணு சொல்லிடுச்சு. மீதிய காப்பாத்தலாம்னும் சொல்லுச்சு.

சத்தத்துல எவ்வளவு நேரம் நிக்கலாம்ங்கற கணக்கு இதுதான். 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகுது. எங்க குடோன்ல போன்ல அளந்தா 97 காட்டுச்சு, அந்தக் கணக்குப்படி அரை மணி நேரம், நாம நிக்கறது 12 மணி நேரம்.

கேம்ப்க்கு முந்தின நாள் சாயங்காலமே தறிய நிறுத்தச் சொன்னது என் சொந்த யோசனை இல்லீங்க. தறிச் சத்தத்துல இருந்து நேரா வந்தா காது தற்காலிகமா மந்தமா இருக்கும், ரிசல்ட் தப்பா வரும், 16 மணி நேரமாவது ஓய்வு வேணும். ஒரு ராத்திரி கூலி போச்சுன்னு ஒரு வருசம் திட்டறதுக்கு அது ஒரு காரணமா?

வந்தது 31 பேர். டெஸ்ட்ல வலியும் இல்ல ஊசியும் இல்ல, ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு காதுக்கும் மெல்லிசா பீப் விடறாங்க, கேட்டா பட்டன் அழுத்தணும், அவ்வளவுதான். காதுக்குப் பின்னாடி எலும்புல ஒண்ண வெச்சும் பாக்கறாங்க, அதுல நல்லா கேட்டு ஹெட்போன்ல கேக்கலைன்னா கோளாறு நரம்புல இல்ல, வெளிக்காது நடுக்காதுலன்னு அர்த்தமாம். 3 பேருக்கு வெறும் அழுக்கு, டாக்டர் எடுத்துவிட்டதும் சிரிச்சிட்டே போனாங்க (தீக்குச்சி, ஹேர்பின், சூடான எண்ணெய் எல்லாத்தையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க). 14 பேருக்கு என்னய மாதிரியே பள்ளம்.

மனசு கேக்காத விஷயம் ரெண்டு. ஒருத்தருக்கு ஒரு நாள் காலைல எந்திரிச்சதும் ஒரு காது அடைச்சிருக்கு, மூணு வாரம் எண்ணெய் விட்டுட்டு கேம்ப்க்கு வந்தாரு. திடீர்னு கேக்காம போனா அது அவசரம், ரெண்டு மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாத்தான் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இன்னொன்னு ரெண்டு வயசுக் குழந்தை, ஆம்பளப்பையன் லேட்டாத்தான் பேசுவான்னு விட்டுட்டாங்க. பிறந்த ஒரு மாசத்துக்குள்ளயே தூங்கும்போது காதுல சின்ன முனைய வெச்சுப் பாத்துடலாம், குழந்தை பட்டன் அழுத்த வேண்டியதில்ல. காதுக்குள்ள கருவி வெக்கற காக்ளியர் ஆபரேசன் முதல்வர் காப்பீட்டுல இருக்கு, ஆனா 6 வயசுக்குள்ள. அவங்கள ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போனேன், ஆட்டோ காசு சங்கத்துல எழுதல.

தறில நிக்கறவங்க வருசம் ஒருக்கா, மத்தவங்க 50 தாண்டிட்டா அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா, 65க்கு மேலன்னா இன்னும் சீக்கிரமா பாத்துக்கணும். காதுல 'ஙொய்'னு சத்தம் நிக்காம இருந்தா வயசு பாக்காம போங்க.

வரவு செலவு: சந்தா 300 வீதம் கட்டினது 37 வீடு. கேம்ப் செலவு 9,400, அதுல காது அடைப்பான் 200 ஜோடியும் சேத்தி. மீதி செலவு பொருளாளர் நோட்டுல இருக்கு, கையிருப்பு ஏதோ கொஞ்சம் இருக்கு. சந்தா கேட்டுப் போனா மட்டும் சில வீட்ல யாருக்குமே காது கேக்கறதில்ல, அதுக்கு மெசின் இல்லைங்களாம்.

ரூம் குடுத்த ஸ்கூலுக்கும், டீ குடுத்த மகளிர் குழுவுக்கும், தலைவரய்யாவுக்கும் நன்றி.

அடுத்த வருசம் செயலாளரா வேற யாராச்சும் வந்தா சந்தோசம்தான், நோட்ட அப்படியே குடுத்துடறேன். ஆனா அந்த 14 பேருக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க தேதி கேட்டு வெச்சிருக்கேன், 2,000 அட்வான்ஸ் கேக்கறாங்க. சந்தா பாக்கி 27 வீடு, பேர் படிக்கல. அடைப்பான் இன்னும் 118 ஜோடி எங்க வீட்டு அலமாரில கிடக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்து வாங்கிக்கலாம், வரும்போது ரசீது புக்கும் அங்கயேதான் இருக்கு.

செயலாளர்