பணிப்பாளர் ஐயாவின் கையெழுத்து உள்ள சம்பவத் திரட்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தில் கோட்டக் கல்வி அதிகாரியாகத் தொடங்கி, வலயக் கல்விப் பணிப்பாளராக ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சென்ற மாதம் காலமானார். தங்கள் பத்திரிகையில் வெளிவந்த மரண அறிவித்தலில் அவர் வகித்த பதவிகளும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்ல அங்கே இடமில்லை. 1987 முதல் 2006 வரை அவருக்குக் கீழே முதலில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்தவன் என்ற உரிமையில் அதை இங்கே எழுதுகிறேன். தம்மைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகையால் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எங்களுக்கெல்லாம் அவர் பணிப்பாளர் ஐயாதான்.

2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலையிலிருந்து கரையோரமாக மூதூருக்குப் போகிறவர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று நீர் குறுக்கிட்ட இடந்தோறும் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவை) வரும்வரை காத்திருந்து கடக்க வேண்டும். இல்லையேல் கொட்டியாரக் குடாவைத் தாண்டும் லோஞ்சில் ஏற வேண்டும். மாரி காலத்தில் கடல் பொங்கினால் லோஞ்சும் இல்லை. இந்த வழியில்தான் ஐயா சம்பூர், கட்டைபறிச்சான், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று என்று பாடசாலை பாடசாலையாகப் போய்வந்தார். வருவதை எப்போதும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார். சொல்லாமல் போனால் பிழை மட்டும்தான் கண்ணில் படும், சொல்லிவிட்டுப் போனால் அதிபர் தமக்கு என்ன தேவை என்று யோசித்து வைத்திருப்பார் என்பது அவருடைய கணக்கு. மாலையில் கடைசிப் பாதையைத் தவறவிட்ட நாட்களில் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் அதிபரின் வீட்டில் தங்குவார். அந்த வீட்டுப் பெண்மணி அவரை நானா (அண்ணன்) என்றே அழைப்பார். இரு வீட்டுப் பிள்ளைகளும் இன்றும் ஒருவர் வீட்டு நன்மை தின்மைக்கு மற்றவர் முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பற்றி. ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரின் பொறுப்பில் இருக்கும் அந்தப் புத்தகத்தில், வருகின்ற அதிகாரிகள் தாம் கண்டதைப் பதிந்து கையொப்பமிட வேண்டும். வருகை தந்தேன், கற்றல் கற்பித்தல் நடவடிக்கைகள் திருப்திகரமாக உள்ளன என்ற இரண்டு வரியோடு பலரும் முடித்துவிடுவார்கள். ஐயா ஒரு பக்கமாவது எழுதுவார். 1995ஆம் ஆண்டு மாசி மாதத்தில், நால்வர் மட்டும் கற்பித்த எங்கள் பாடசாலைக்கு (அந்த நால்வரில் இருவர் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர்கள்) வந்தவர், மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியையே பார்த்து எழுதுவதைக் கவனித்தார். வகுப்பாசிரியர் அதற்காக அந்தப் பிள்ளையைப் பலமுறை கண்டித்திருந்தார். ஐயா சம்பவத் திரட்டில், பிள்ளைக்குத் தூரப் பார்வை போதாது என்று சந்தேகிப்பதாகவும், திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒழுங்கு செய்வது அதிபரின் பொறுப்பு என்றும், பிரயாணச் செலவைத் தாமே தருவதாகவும் எழுதிவைத்தார். அடுத்த முறை வந்தவுடன், தேநீர் குடிக்கும் முன்பே, புத்தகத்தை வாங்கித் தாம் எழுதியதைத் தாமே வாசித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பிள்ளை கண்ணாடியோடு முன்வரிசையில் இருப்பதை நேரில் கண்ட பிறகே பழைய பதிவின் ஓரத்தில் சரி அடையாளமிட்டுத் திகதி போட்டார்.

எல்லாப் பதிவுகளுக்கும் அந்த அடையாளம் கிடைத்துவிடவில்லை. எங்கள் கிழக்குப் பக்க வகுப்பறைக்குக் கூரைத் தகடு வேண்டும் என்ற பதிவு வருகைக்கு வருகை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் அவர் எந்தக் காரியாலயத்தையும் குறை கூறவில்லை. என்னால் இன்னும் பெற்றுக்கொடுக்க முடியவில்லை என்ற பொருளில் ஒவ்வொரு முறையும் தம் பெயரிலேயே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். ஓர் அதிகாரி தம்முடைய இயலாமையை, வருங்கால அதிகாரிகளெல்லாம் வாசிக்கப்போகும் புத்தகத்தில் எழுதிவைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார். மனைவியும் ஆசிரியை. கஷ்டப் பிரதேசச் சேவையை எல்லா ஆசிரியர்களையும் போல அந்த அம்மாவும் மூதூர்ப் பக்கத்தில் முழுமையாகச் செய்து முடித்தார். அந்த ஆண்டுகளில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் விடியற்காலையில் தலை இழுத்துப் பின்னி, சாப்பாடு கட்டிக்கொடுத்து, பாடசாலை வாசல்வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் ஐயாதான். பிற்காலத்தில் அம்மா பாரிசவாதத்தால் விழுந்து ஆறு ஆண்டுகள் படுக்கையோடும் சக்கர நாற்காலியோடும் இருந்தபோது, வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தும், குளிக்க வார்ப்பதையும் உணவூட்டுவதையும் அவர் யாரிடமும் விடவில்லை. மாலையில் டச்பே கடற்கரையில், கோணேசர் மலை தெரியும் பக்கமாக நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு, அன்றைய பத்திரிகையை அவர் வாசிக்க அம்மா கேட்டுக்கொண்டிருந்த காட்சியை நகரத்தில் பலர் கண்டிருப்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலோரப் பாடசாலையொன்றின் சேர்விடாப்புகளும் (பாடசாலையில் சேரும் பிள்ளைகளின் விபரம் பதியும் பதிவேடுகள்) சம்பவத் திரட்டுகளும் சேற்றுக்குள் கவிழ்ந்து கிடந்த அலுமாரியிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றை ஐயா தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தை மாதத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த வீடு அது. மணவீட்டு வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தாயும் இரண்டு மகள்மாரும் விறாந்தையிலும் கூடத்திலும் பாய் விரித்து, தாளுக்குத் தாள் பழைய பத்திரிகைக் கடதாசி வைத்து உலர்த்தினார்கள். பிறப்புச் சான்றிதழைக் கடலில் இழந்த பிள்ளைகள் பலருக்குத் தம் வயதையும் பெற்றோர் பெயரையும் காட்ட அந்தச் சேர்விடாப்பே எழுத்தில் எஞ்சியிருந்தது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பகுதி மக்கள் பின்னர் கிளிவெட்டி நலன்புரி நிலையத்தில் இருந்தபோதும் இதே தேவை வந்தது. அப்போது ஐயா ஓய்வுபெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு சி.ஆர். கொப்பியோடு கூடாரம் கூடாரமாகப் போய், ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடசாலையில் எந்த வகுப்பில் படித்தது என்று பதிந்து அதிபர்மாரிடம் கொடுத்தார். அந்த மூலை முடுக்குப் பாடசாலைகள் எல்லாம் அவருக்கு நினைவில் இருந்ததால், சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகளிடம் வாசலில் நின்ற மரத்தையும் ஆசிரியையின் அடையாளத்தையும் கேட்டே பாடசாலையைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆசிரியர் அவர்களே, இத்தனையையும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஐயாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, அவர் எழுதிய பதிவுகளைத் தேடி மூன்று பாடசாலைகளுக்குப் போனேன். ஓரிடத்தில் பழைய புத்தகங்கள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னோரிடத்தில் களஞ்சிய அறையில் கறையான் அரித்து, அட்டை மட்டும் கையோடு வந்தது. அரச ஆவணங்களை எண்ணப்படி அழிக்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது; கறையானுக்கு அந்தச் சட்டம் தெரியாதே என்று மனம் வெதும்பித் திரும்பினேன்.

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை மூலம், ஒவ்வோர் அதிபரும் தம் பொறுப்பிலுள்ள பழைய சம்பவத் திரட்டுகளையும் சேர்விடாப்புகளையும் கணக்கெடுத்து, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வலயக் காரியாலயத்தில் ஒரு பிரதியை ஒப்படைக்கச் செய்ய வேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இன்று ஒரு கைத்தொலைபேசியே இதற்குப் போதும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்னுருவாக்கி வரும் நூலக நிறுவனத்தின் அனுபவத்தையும் திணைக்களம் கேட்டுப் பெறலாம். ஆசிரியர்மீதான விசாரணைக் குறிப்புகளும் பிள்ளைகளின் சொந்த விபரங்களும் அவற்றில் உண்டு என்பதால், அந்தப் பக்கங்களைப் பொதுப் பார்வைக்கு விடாமல் மூடிவைக்கும் ஒழுங்கும் கூடவே வேண்டும்.

நான் அதிபராக இருந்த பாடசாலையின் புத்தகங்கள் இன்றைய அதிபரின் கவனத்தினால் பத்திரமாக இருக்கின்றன. சென்ற வாரம் அவருடைய அனுமதியோடு அவற்றை முழுமையாகப் படம்பிடித்து முடித்தேன். கூரைத் தகடு பற்றிய முதற்பதிவின் ஓரத்திலும் ஒரு சரி அடையாளம் இருக்கிறது. ஐயா ஓய்வுபெறுவதற்கு முந்திய வாரத் திகதி அதன் கீழே போடப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்,
திருகோணமலை.