ஏரி நீர் இருப்புப் படங்களின் பின்னணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பு நாளிதழ்களில் கோட்டுப் படமாக வருகிறது. சென்னைவாசிகளுக்கு இது மிகவும் வேண்டிய தகவல். ஆனால் சாம்பல் பின்னணியில் அச்சாகும் படங்களில் நீர் இருப்பைக் காட்டும் கோடு கட்டங்களோடு கலந்து மங்கிப்போகிறது. தரவுப் பகுப்பாய்வுக்கான ஆர் நிரல்மொழியில், வரைபடம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்பைக் கொண்டு படம் வரைபவர்கள் நிரலில் சில வரிகளை மாற்றினாலே இதைச் சரிசெய்யலாம்.

அந்தச் சாம்பல், தொகுப்பு தானாகவே போடுவது. 'கிரே92' என்பது அதன் பெயர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் 255க்கு 235. அதன்மேல் வெள்ளைக் கட்டக் கோடுகள். கணினித் திரையில் இது நல்ல ஏற்பாடுதான்: கட்டங்கள் கண்ணில் பட்டும் படாமலும் இருக்கும். நியூஸ்பிரிண்ட் எனும் நாளிதழ்த் தாள் வேறு. தாளே வெண்மையாக இருப்பதில்லை. வெளிர்சாம்பல் அதில் சிறு மைப்புள்ளிகளாக விழுகிறது. தாள் மையை உறிஞ்சும்போது புள்ளிகள் விரிந்து, மெல்லிய வெள்ளைக் கோடுகளை அடைத்துவிடுகின்றன.

மாற்ற வேண்டிய இடம், படத்தின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' கட்டளை. அதில் 'பேனல்.பேக்ரவுண்ட்' என்பது கிடை அச்சுக்கும் செங்குத்து அச்சுக்கும் உட்பட்ட பகுதி மட்டும், 'பிளாட்.பேக்ரவுண்ட்' என்பது தலைப்பு உட்பட முழுப் படம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றது ஏன் மாறவில்லை என்று தேடுவோர் பலர். இரண்டுக்கும் 'எலிமென்ட்_ரெக்ட்' வழியாக வெள்ளை கொடுங்கள். சிறு கட்டக் கோடுகளையும் செங்குத்துக் கோடுகளையும் 'எலிமென்ட்_பிளாங்க்' போட்டு நீக்கிவிட்டு, கிடைக்கோடுகளை மட்டும் 'கிரே80' நிறத்தில் விடுங்கள். நான்கு ஏரிகளையும் தனித்தனிச் சட்டங்களில் காட்டினால், ஏரியின் பெயர் தாங்கும் பட்டைக்கும் சாம்பல் உண்டு, 'ஸ்ட்ரிப்.பேக்ரவுண்ட்' என்று தனியே மாற்ற வேண்டும். வரிசையும் முக்கியம். 'தீம்_மினிமல்' போன்று மொத்தத் தோற்றத்தையும் ஒரேயடியாக அமைக்கும் முழுத் தீம் முதலில் வர வேண்டும். பின்னால் வந்தால் அதற்கு முன் செய்த மாற்றங்கள் அத்தனையையும் அழித்துவிடும்.

வெறுமையாக்குவது பாதி வேலைதான். பின்னணியில் ஏதாவது இருந்தால் அது வாசகருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை வெளிர்நீலப் பட்டை போட்டால், மழைக்காலத்தில் ஏரி எவ்வளவு நிரம்பியது, கோடையில் எவ்வளவு இறங்கியது என்பது ஒரே பார்வையில் தெரியும். இதற்குப் படத்தில் தனி வடிவம் சேர்க்கும் 'அனோட்டேட்' கட்டளை போதும், தேதிகளை 'ஆஸ்.டேட்' மூலம் தேதியாகவே கொடுக்க வேண்டும், பட்டை மேலிருந்து கீழ்வரை நீள, உயர எல்லைகளுக்கு முடிவிலி. நீர் இருப்புக் கோட்டுக்கு முன்பாக இந்த வரி வர வேண்டும், இல்லையெனில் பட்டை கோட்டின்மேல் படியும். பலரும் இங்கே 'ஜியோம்_ரெக்ட்' போட்டுச் சிக்கிக்கொள்கிறார்கள். அது தரவு அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு செவ்வகம் வரைகிறது. நாள்வாரியான ஓராண்டுத் தரவென்றால் 365 செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மெல்லிய நிறத்துக்காக 0.1 என்று கொடுத்த ஒளிபுகும் தன்மை காணாமல் போய் அடர்நிறமாகிவிடும்.

முழுக் கொள்ளளவையும் ஒரு கோடாகக் காட்டலாம்: செம்பரம்பாக்கம் 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081 மில்லியன் கன அடி. அந்தக் கோடு இல்லாமல் வெறும் இருப்பு எண்ணால் பெரிய பயனில்லை.

அச்சுக்கு அனுப்பும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. திரை நிறத்தில் சேமித்த சாம்பலும் கறுப்பும் அச்சகத்தில் நான்கு மைகளின் கலவையாகப் பிரிக்கப்படலாம். ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகள் சற்று விலகினாலும் கோடுகளின் ஓரத்தில் நிறம் கசியும். ஆர் மொழியின் 'பிடிஎஃப்' கட்டளையில் 'கலர்மாடல்' என்பதைச் சிஎம்ஒய்கே எனும் நான்கு மை நிறமுறை ஆக்கினால் சாம்பல் கறுப்பு மையில் மட்டுமே அமையும். ஆனால் அந்தக் கட்டளைக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழைச் சரியாகக் கோக்கும் 'கெய்ரோ_பிடிஎஃப்' கட்டளைக்கோ நான்கு மை நிறமுறை கிடையாது. எனவே படத்தை எழுத்தில்லாமல் 'பிடிஎஃப்' கட்டளை வழியாக எடுத்து, தமிழ்ப் பெயர்களைப் பக்க வடிவமைப்பின்போது சேர்ப்பதே உத்தமம்.

இணையப் பதிப்புக்குச் செல்லும் படத்தை 'ஜிஜிசேவ்' கொண்டு சேமிக்கையில் பின்னணி வெள்ளை என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். சில பதிப்புகளில் 'தீம்_மினிமல்' பின்னணியை வெறுமையாக விட்டுவிடும். கைபேசியில் டார்க் மோடு வைத்திருப்பவருக்குக் கறுப்பின்மேல் கறுப்பு எழுத்துதான் கிடைக்கும். பைத்தான் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப் பயன்படுத்துவோரும் கவனிக்க வேண்டும்: 3.3க்கு முந்தைய பதிப்புகளில் திரையில் தெரியும் பின்னணி நிறம் சேமிக்கும்போது வெள்ளையாக மாறிவிடும், 'சேவ்ஃபிக்' கட்டளையிலும் அதே நிறத்தை மறுபடி கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தரவுப் பகுப்பாய்வுத் துறை வாசகர்,
வேளச்சேரி, சென்னை.