நீச்சல் குளத்துக்கு யார் மாதக் கட்டணம் கட்டுவது?

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட முன்வந்திருக்கும் மேம்பாட்டு நிறுவனத்தாருக்கும், அதற்காக வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிவரும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

இடிக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் முதுமை எப்படிக் கழிகிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, களவு போகாதபடி கைப்பிடிக் கம்பியில் சங்கிலியால் பூட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போய்வரும் பெரியவர்கள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள். குழாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுக் கட்டடம் தேவைதான்.

ஆனால் சென்ற கூட்டத்தில் திரையில் நீச்சல் குளம் காட்டினீர்கள். மாதம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று நான்காம் மாடிப் பாட்டி கேட்டார். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றீர்கள். அந்த வயதில் நீச்சல் அடிக்க யார் போகப்போகிறார்கள்? அவர் கேட்டதுதான் கூட்டத்திலேயே உருப்படியான கேள்வி.

பராமரிப்புக் கட்டணம், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்படும் பங்கு அலகைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டணத்தில் 10 விழுக்காடு, பெரிய பழுதுகளுக்கான ஒதுக்கு நிதியாக வேறு. பழையதைவிடப் பெரிய வீட்டைச் சும்மா தருகிறோம் என்கிறீர்கள். மின்தூக்கி, காவலர், குளம் எல்லாவற்றின் செலவும் மாதாமாதம் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். சமூகநல இலாகா தரும் 600 ரிங்கிட் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர் எதைக் குறைத்து இதைக் கட்டுவார்? பாக்கி விழுந்தால், 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அவருடைய அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கவும் வழியுண்டு.

இன்னொன்று, இடித்துக் கட்டி முடிக்கும் வரையிலான இடைக்காலம். சுங்கை பீசியில் ராசாக் மென்ஷன் அடுக்குமாடியை மறுபடி கட்டியபோது, புதுக் கட்டடம் எழுந்த பிறகே மக்கள் பழைய வீட்டைக் காலி செய்தார்கள். பெக்கெலிலிங் அடுக்குமாடியோ, ஆள்களை வெளியேற்றிய பின் ஆண்டுக்கணக்கில் வெறுங்கூடாக நின்றது. எண்பது வயதுக்காரரிடம் சில ஆண்டுகள் வெளியே வாடகைக்கு இருந்துவிட்டு வாருங்கள் என்றால், அவர் திரும்பி வரமாட்டார் என்று நீங்கள் கணக்குப் போட்டுவிட்டதாகத்தான் எங்கள் காதில் விழுகிறது.

2025இல் நகர்ப்புற மறுசீரமைப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்ததிலிருந்து, இடித்துக் கட்ட வீட்டு உரிமையாளர்களில் எத்தனை விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்பதே ஊரெல்லாம் பேச்சு. வாடகைக்கு இருந்தே இங்கு கிழடு தட்டியவர்கள் அந்த விழுக்காட்டில் சேர்த்தியே இல்லை. அவர்களுக்கு என்ன வழி என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

முதியோர் வீடுகளுக்கான மாதக் கட்டணம், அது உயராதபடி எத்தனை ஆண்டுகளுக்கு உச்சவரம்பு, அந்த வரம்புக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை எந்த நிதி நிரப்பும்: இம்மூன்றும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுத்தில் வராமல் கையெழுத்துக் கேட்டு வராதீர்கள். அடுத்த கூட்டத்தையும் தொலைவில் உள்ள ஹோட்டலில் வைக்காமல், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்