1912 ஸ்டாக்ஹோமில் ஒரு 5,000 மீட்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவசரப்பட்டு ஓடிப் பார்க்காதே, டாக்டர் சொல்லும்வரை நடையே போதும். இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை. மைதானம் முழுக்கச் சேறு, பிள்ளைகளுக்குப் பயிற்சி நின்றுபோய்விட்டது. அதனால் வீட்டில் உட்கார்ந்து பழைய ஒலிம்பிக் ஓட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டிருந்தாயே, ஒலிம்பிக்கில் இந்த 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டமெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று. நல்ல நேரத்தில்தான் கேட்டாய்.

1896 ஏதென்ஸில் மைதானத்துக்குள் ஓடியதிலேயே நீளமானது 1,500 மீட்டர். அதற்கு மேல் நேராக மராத்தான்தான். 1900 பாரிஸில் 5,000 மீட்டர் வந்தது, ஆனால் அணிப் போட்டியாக. வந்ததோ பிரிட்டன், பிரான்ஸ் என்று இரண்டே அணிகள், அணிக்கு ஐந்து பேர். பிரிட்டனுக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்டான் ரௌலியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் 100 மீட்டர், 200 மீட்டர் ஓடுகிறவர்! பாவம், பாதிக்கு மேல் நடந்தே சுற்றினார். மற்ற ஒன்பது பேரும் முடித்ததும், போதும் நில்லுங்கள் என்று பத்தாவது இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். அணி வென்றது, அவருக்கும் தங்கம். 1908 லண்டனில் 5 மைல் ஓட்டம் வைத்தார்கள். பிரிட்டனின் எமில் வாய்ட் 25 நிமிடம் 11.2 வினாடியில் ஜெயித்தார். அதோடு 5 மைல் ஒலிம்பிக்கை விட்டே போய்விட்டது.

நாம் ஓடிய 5,000, 10,000 இரண்டும் தனிநபர் போட்டிகளாக வந்தது 1912 ஸ்டாக்ஹோமில்தான். அங்கே ஓடுபாதை ஒரு சுற்றுக்கு 383 மீட்டர், செங்கல் அரங்கம், இன்றும் நிற்கிறது. பின்லாந்தின் ஹான்னெஸ் கொலெஹ்மைனெனுக்கு அப்போது 22 வயது. ஜூலை 7இல் 10,000 மீட்டர் தகுதிச் சுற்று, 8இல் இறுதி (31 நிமிடம் 20.8 வினாடி, தங்கம்), 9இல் 5,000 தகுதிச் சுற்று, 10இல் அதன் இறுதி. இடையில் ஒருநாள்கூட ஓய்வு கிடையாது. நம் காலத்தில் இப்படி ஒரு அட்டவணை போட்டிருந்தால் மாஸ்டரிடம் சண்டைக்கே போயிருப்போம்.

அந்த 5,000 இறுதியில் எதிரே நின்றவர் பிரான்ஸின் மார்செய் நகரைச் சேர்ந்த ழான் புவான். முந்தைய ஆண்டுதான் 10,000 மீட்டரை 30 நிமிடம் 58.8 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்திருந்தார். 10,000 ஓடாமல் இந்தப் போட்டிக்கு வந்தவர். ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இவர்கள் இருவரும் மற்றவர்களை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். புவான் முன்னே, கொலெஹ்மைனென் பின்னாலேயே. இவர் தாண்டப் பார்ப்பார், அவர் விடமாட்டார். கடைசிச் சுற்றிலும் அதே கதை. கடைசி நேர்பாதையில், கோட்டுக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போதுதான் கொலெஹ்மைனென் முந்தினார். 14 நிமிடம் 36.6 வினாடி, புவானுக்கு 36.7. அதுவரை உலகின் சிறந்த நேரம் 15 நிமிடம் 1.2. இரண்டு பேரும் சேர்ந்தே அதை 24 வினாடிக்கு மேல் குறைத்திருக்கிறார்கள்! மூன்றாவதாக வந்த பிரிட்டனின் ஜார்ஜ் ஹட்சன் 15 நிமிடம் 7.6. யோசித்துப் பார், 30 வினாடி பின்னால்.

என்னைக் கேட்டால் அந்த நேரம் பாதி புவானுக்குச் சொந்தம். முழு ஓட்டத்தையும் முன்னால் நின்று இழுத்தவர் அவர். சாதனைப் பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த ஆண்டு அதே ஸ்டாக்ஹோமில் ஒரு மணி நேரத்தில் 19,021 மீட்டர் ஓடினார். அதற்கும் அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 14இல் ஹட்சன் போர்முனையில் இறந்தார், 29இல் புவான். அந்த ஓட்டத்தில் பதக்கம் வென்ற மூவரில் இருவர், பதினைந்தே நாள் இடைவெளியில். இதைப் படித்த அன்று வேறு எதையும் தொட மனம் வரவில்லை எனக்கு.

கொலெஹ்மைனெனுக்கும் முழுச் சந்தோஷம் இருந்திருக்காது. பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ். அவர் வென்றபோதெல்லாம் ஏறியது ரஷ்யக் கொடி. 1917இல் நாடு விடுதலை அடைந்தது. 1920 ஆன்ட்வெர்ப்பில் அவர் மராத்தான் ஓடி வென்றார், அன்று பின்லாந்தின் கொடியே ஏறியது. அதே மராத்தானில் நம் இந்தியாவின் பதெப்பா சௌகுலே 19ஆவதாக வந்தார். அந்த ஒலிம்பிக்கில்தான் 10,000 மீட்டர் தங்கத்தோடு பின்லாந்தின் இன்னொரு ஓட்டக்காரர் பாவோ நூர்மியும் அறிமுகமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இதில் அடங்காது.

ஸ்டாக்ஹோம் முடிவுக்கோட்டின் படம் தேடினால் கிடைக்கும், பார். அப்புறம், உன் பேரனுக்குப் பல்கலைக்கழகப் போட்டியில் கிடைத்த நேரத்தை எழுதவே இல்லையே? சுற்றுவாரியாகக் குறித்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஓட்டத் தோழன்