முருக்கங்கட்டை ஆறு கொடுத்துவிட்டிருக்கிறேன்

அன்பு மகனுக்கு,

சித்தப்பா மகன் மஸ்கட் வருகிறான். அவன் பெட்டியில் அம்மா வைத்த கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் முருக்கங்கட்டை ஆறும், 1.2 மி.மீ. ஸ்டீல் கம்பி ஒரு சுருளும், என் சின்ன அரமும் இருக்கும். ரெண்டு வருஷம் நிழலில் காய்ந்த கட்டை. நகம் பட்டாலே பதியும், பார்த்து எடு.

ராத்திரி ரெண்டு மணிக்கும் நீ வாட்ஸ்அப்பில் இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். அதைக் கேட்பதற்காக எழுதவில்லை. ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அங்கே நெய்மீனுக்குத் தடை. கடலுக்குப் போக அவசரமில்லை. பொய்மீன், அதுதான் மீனை ஏமாற்றிப் பிடிக்கிற மரமீன், செதுக்க இதுதான் நேரம், அதற்காகத்தான்.

கடையில் வாங்கினால் ஒரு நிமிஷ வேலை, தெரியும். ஆனால் வாங்கினது ஓடவில்லையென்றால் ஏன் ஓடவில்லை என்று உனக்குத் தெரியாது. நீ செதுக்கினதென்றால் எந்த இடத்தில் பிசகினது என்று கை சொல்லும். பாறையில் மாட்டி அறுந்துபோனாலும் மனசு விட்டுப்போகாது, அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்யலாம். பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீன்பிடிக்காரர் 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, போட்டோ பிலிமை உருக்கிப் பூசித்தான் முதல் மீனைச் செய்தார். கூட்டத்தில் நொண்டி நீந்துகிற குஞ்சைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று கண்டு, அந்த நொண்டலை மரத்தில் கொண்டுவரப் பார்த்தார். நீ செய்யப்போவதும் அதுதான்.

12 செ.மீ. நீளம், 2.5 உயரம், 1.8 தடிமன். செதுக்குவதற்கு முன்னால் நாலு பக்கமும் நடுக்கோடு போடு. கோடில்லாமல் செதுக்கினால் ஒரு கன்னம் கொழுத்துவிடும், அப்புறம் அது வாழ்நாளெல்லாம் ஒரு பக்கமாகத்தான் ஓடும். மூக்குக்குக் கீழே தகடு வைக்கிற வெட்டையும் கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடு. உருண்டபிறகு ரம்பம் நேராக நிற்காது. அடிவயிற்றில் நீளவாக்கில் நடு உயரம்வரை அறுத்து, ஒரே கம்பியை மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் வளையம் விட்டு உள்ளே இறக்கு. திருகாணி வைக்காதே. முருக்கு மெத்தென்ற மரம், நெய்மீன் ஒரு இழுப்பில் பிடுங்கிவிடும். அது வாலில்தான் கடிக்கும், அதனால் வால் தூண்டிலைச் சிறியதாகப் போட்டு ஏமாறாதே. முன்னால் 30 செ.மீ. ஸ்டீல் கம்பி கட்டு. வெறும் தங்கூஸ் நரம்பு அதன் பல்லுக்கு நிற்காது.

வயிற்றில் வைக்கிற ஈயத்தை அறைக்குள் உருக்காதே. கடையில் விற்கிற ஈயக்குண்டைத் தட்டிச் சப்பையாக்கினால் போதும். ஈரம் பட்ட அச்சில் உருக்கின ஈயத்தை ஊற்றினால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்தால் பரவாயில்லை என்று நினைக்காதே.

வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போடு. நல்ல தண்ணீரில் சரிபார்த்தது கடலில் ஒரு படி மேலே மிதக்கும். தூண்டில்களையெல்லாம் மாட்டிவிட்டு, 6 கிராம் ஈயத்தை வயிற்றில் டேப்பால் ஒட்டி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார். வயிறு கீழே, வால் கொஞ்சம் தாழ்ந்து நிற்கவேண்டும். நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே வெட்டில் அழுத்தி அரால்டைட் பசையால் மூடு.

தகடு 1 மி.மீ. அலுமினியம் போதும். செங்குத்தாக நின்றால் மேல் தண்ணீரில் ஓடும், நீளமாக முன்னே படுத்தால் ஆழம் போகும். தண்ணீர் தகட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி வழிகிறபோது உடம்பு சாயும், வயிற்று ஈயம் அதை இழுத்து நிமிர்த்தும். ஆட்டம் என்பது அவ்வளவுதான். முதல்முறை அந்த ஆட்டம் தூண்டில் நரம்பு வழியாக உன் விரலுக்கு வந்து சேரும் பார், டிக் டிக்கென்று, உயிருள்ளது மாதிரி. கட்டை என்று கை நம்பாது. அதற்காகவே செய்யலாம்.

வலப்பக்கம் விலகி ஓடினால் மூக்கு வளையத்தை மயிரிழை இடப்பக்கம் வளை. அதிகம் வளைக்காதே.

உப்புத்தாள் போட்ட அன்றே பூசாதே. உள்ளே ஈரம் இருந்தால் பத்து நாளில் பெயிண்ட் கொப்புளிக்கும். மரத்தின் துளையை அடைக்கிற சீலர் ரெண்டு தடவை, பிறகு மெல்லிய அலுமினியத் தாள், முதுகுக்குக் கறுப்பு, மேலே அரால்டைட். ரெண்டு டியூபும் சம அளவு. இறுகும்வரை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடு, இல்லையென்றால் வயிற்றில் வழிந்து கட்டியாகும், எடை மாறும். ராத்திரி இதை ஆரம்பிக்காதே. ராத்திரி தூங்கு. கம்பெனியில் உன்னை நம்பிப் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள், ஊரில் நாலுபேரிடம் நான் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்குப் பெற்றவளிடம் பத்து நிமிஷம் பேச முடியவில்லை. அதுவும் சரி.

குட்டி, மாமன் வீட்டில் நன்றாக இருக்கிறாள். அவளுக்குத் தூண்டில் மாட்டாமல் சின்னதாக ஒன்று செய், 7 செ.மீ. போதும்.

மக்கா, ஏழாம் வகுப்பில் நீ ஒரு மீன் செதுக்கிக் கொண்டுவந்தாய். வாளியில் போட்டேன், சாய்ந்து படுத்தது. 'படிக்கிற வேலையைப் பார்' என்று அடுப்பில் போட்டேன். உன் செதுக்கலில் குறையில்லை. கன்னம் ரெண்டும் ஒரே மாதிரி இருந்தன, அதை நான் அப்போதே பார்த்தேன். ஈயம் வயிற்றில் இல்லாமல் நடுவுக்கு மேலே போயிருந்தது. அரை இஞ்ச் இறக்கி வைத்திருந்தால் நிமிர்ந்திருக்கும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு கோபம், அது உன் மேல் இல்லை.

முதல் கட்டை சாய்ந்து படுத்தால் தூக்கி எறியாதே. வாளியோடு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ரெண்டு மணியானாலும் அனுப்பு, நான் முழித்துத்தான் இருப்பேன். ஈயத்தை உருக்காதே.

அப்பா