அரையாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களை ஆசிரியர்கள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் பிள்ளைகள் கையில் கிடைக்கும். விளையாட்டுப் போட்டி, கலைத் திருவிழா, அறிவியல் கண்காட்சி என எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டு பரிசுகளும் வாங்கி வந்தார்கள். மழை விடுமுறையில் விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் ஆசிரியர்கள் முடித்துக் கொடுத்தார்கள். நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பரிசு வாங்கியவர்கள், வாங்காதவர்கள் எல்லாருக்கும் என் பாராட்டு.

ஒன்பதாம் வகுப்பின் தொல்காப்பியப் பூங்கா களப்பயணம் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். போன மாதம் முதல் பிரிவு மாணவர்கள் போய் வந்தார்கள். மற்ற இரண்டு பிரிவினர் பொங்கல் முடிந்து போகிறார்கள். முதல் பயணத்தன்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் வரவில்லை. மறுநாள் எல்லாரும் விடுப்புக் கடிதத்தோடு வந்து நின்றார்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த வருடம் பொதுத்தேர்வு. ஒரு நாள் போனால் ஒரு பாடம் போகும் என்ற பயம் இருக்கும். சேறு, கொசு, பாம்பு என்ற கவலையும் இருக்கும். 'பூங்காவில் பார்க்க என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நாங்களே கூட்டிப்போகிறோமே' என்று ஒரு தாய் என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை உங்கள் எல்லாருக்குமே எழுதிவிடுகிறேன்.

பெயரில் பூங்கா என்று இருந்தாலும் அது ஓர் ஈரநிலம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துப் பக்கம், அடையாறு கடலில் கலப்பதற்கு முன்னால் கிளைத்துக் கிடக்கும் உப்பங்கழியின் ஒரு பகுதி. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், மழை பெய்தால் நல்ல தண்ணீர் சேரும். இந்த இரண்டு தண்ணீரும் கலக்கும் இடத்தில்தான் மீன் குஞ்சு பொரித்து வளரும், அதைத் தேடிப் பறவை வரும். இப்படிப்பட்ட இடம் ஒரு காலத்தில் ஊர்க் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும் லாரி லாரியாக வந்து விழுந்தன. சாக்கடை கலந்தது. சீமைக் கருவேலம் மண்டியது. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பின. மிச்சம் இருந்த கழியும் தூர்ந்துபோயிருக்க வேண்டியது.

அப்படிப் போகாமல் தடுத்தவர்களில் இந்த ஊரின் சாதாரண மனிதர்களும் உண்டு. 1990களில் குடிமக்கள் அமைப்புகள் அரசுக்கு மனு கொடுத்தன, நீதிமன்றம் வரை போயின.  அப்புறம் அரசு 58 ஏக்கரைச் சூழல் பூங்காவுக்கென்று ஒதுக்கியது. 2006இல் அதற்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. ஆரோவில்லில் பொட்டல் நிலத்தைக் காடாக்கிக் காட்டிய பிச்சாண்டிக்குளம் குழுவினர் திட்டம் வகுத்துக் கொடுத்தார்கள். குப்பையையும் இடிபாட்டையும் அள்ளி, கழியைத் தோண்டித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள். இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களாகப் பார்த்துப் பல்லாயிரம் கன்றுகள் நட்டார்கள். 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது.

தொடக்கத்திலிருந்தே அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. முன்கூட்டி அனுமதி வாங்கிப் போனால், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் சிறு குழுக்களாகப் பிரித்து அழைத்துப் போகிறார்கள். மரத்தை இலையைப் பார்த்து அடையாளம் காண்பது, தண்ணீரை எடுத்துச் சோதிப்பது, பறவைகளைக் கவனித்துக் குறித்துக்கொள்வது என்று எல்லாமே கையால் செய்யும் வேலை. குடும்பத்தோடு போவதும் நல்லதுதான். ஆனால் நோட்டும் பென்சிலுமாக ஒரு வழிகாட்டியோடு, கூடப் படிக்கும் பிள்ளைகள் சூழ நின்று கற்பது வேறு.

போன பயணத்தில் நானும் உடன் சென்றேன். உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் ஓர் இலையைக் காட்டி, அதன் மேல் வெள்ளையாகப் பொரிந்திருப்பது என்ன என்று வழிகாட்டி கேட்டார். 'தூசி' என்றான் ஒருவன். 'பூச்சி முட்டை' என்றான் இன்னொருவன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, 'மிஸ், உப்பு!' என்று கத்தினாள். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அடுத்த நிமிடம் எல்லாரும் ஆளுக்கோர் இலையைத் தேடிப் போய்விட்டார்கள். மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல நிமிர்ந்து நின்ற மூச்சு வேர்களைக் குனிந்து பார்த்தார்கள். காற்றில்லாத சேற்றுக்குள் வேர் எப்படிச் சுவாசிக்கும் என்று அவர்களே கேட்டு, அவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். தாவரங்களின் தகவமைப்பு பற்றி நாங்கள் கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப் போடுகிறோம். அன்று அங்கே நின்றவர்களுக்கு அந்தப் பாடத்தை இனி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நாணல் ஓரத்தில் ஒரு மடையான் நின்றது. மண் நிறத்தில், அசையாமல். அது பறந்து வெள்ளைச் சிறகு விரிந்த பிறகுதான் அங்கே ஒரு பறவை இருந்ததே பலருக்குத் தெரிந்தது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் நிறையவே இருந்தன. எந்தப் பறவை எங்கே முங்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு நின்ற பையன்களை அங்கிருந்து கிளப்பவே பெரும்பாடாகிவிட்டது.

இதையெல்லாம் பள்ளிக்கூடம் ஏன் இவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் வீடு இந்த அடையாற்றங்கரையில்தான். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்ததாக அரசுக் கணக்கு. வழியில் இருந்த மற்ற ஏரிகளின் உபரி நீரும் அதோடு சேர, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. மாடிக்கு ஓடியவர்கள், படகில் ஏற்றி மீட்கப்பட்டவர்கள், சான்றிதழ் முதல் கட்டில் வரை இழந்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். அன்று இந்தப் பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள். ஆறு எங்கிருந்து வருகிறது, எங்கே கலக்கிறது, நடுவில் ஏரியும் கழியும் சதுப்பும் இருந்தால் வெள்ளம் எப்படி நிதானப்படும் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். நாளை வீடு கட்டப்போவதும் ஓட்டுப் போடப்போவதும் அவர்கள்தான்.

சரி, இப்போது சொல்லியே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த விடுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை 'காய்ச்சல்' என்றே சொல்லின. ஒரு நாள் காய்ச்சல், மறுநாளே சரியாகிவிட்டது. அன்று முழுக்க டியூஷனில் இருந்ததாகப் பிள்ளைகளே தங்களுக்குள் பேசிக்கொண்டதை வகுப்பாசிரியர் கேட்டிருக்கிறார். எந்த மாணவரையும் கூப்பிட்டு நாங்கள் விசாரிக்கவில்லை. அப்பா அம்மா எழுதியது பொய்யா என்று ஒரு பிள்ளையிடம் கேட்கும் வேலையை எந்த ஆசிரியருக்கும் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் உங்களிடம் நேராகச் சொல்கிறேன்: இது தவறு. நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதும்போது பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. அதை அதன் கையிலேயே கொடுத்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்து நீட்டச் சொல்கிறோம். நாளைக்கு அதே பிள்ளை உங்களிடம் ஒரு காரணம் சொல்லும்போது எப்படி நம்புவீர்கள்?

களப்பயணமும் பள்ளி வேலை நாள்தான். அன்று நடப்பதும் பாடம்தான். டியூஷன் நேரத்தைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவர யாருக்கும் உரிமை இல்லை. அப்படி வைக்கும் ஆசிரியரிடம் முடியாது என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் என் பெயரையே சொல்லுங்கள். ஜனவரிப் பயணத்தன்று உடல்நலக் குறைவு என்று கடிதம் வந்தால், வகுப்பாசிரியர் அன்று காலையே உங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையின் நலம் விசாரிப்பார்.

உண்மையிலேயே அனுப்ப விருப்பமில்லை என்றால், அதை உள்ளபடியே எழுதுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, வீட்டில் விசேஷம், பயம் என எதுவானாலும் சரி. அப்படி எழுதியதற்காக எந்தப் பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. அன்று பள்ளிக்கு வருபவர்கள் நூலகத்தில் இருந்து படிக்கலாம். பஸ் கட்டணம்தான் சிரமம் என்றால் தயங்காமல் என்னிடமோ வகுப்பாசிரியரிடமோ சொல்லுங்கள், வேறு யாருக்கும் தெரியாமல் பள்ளியே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் கவலைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நடப்பது எல்லாம் பாதையில்தான். யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை, புதருக்குள் போவதில்லை. ஒவ்வொரு குழுவுடனும் ஓர் ஆசிரியர் இருப்பார். முதலுதவிப் பெட்டியும் கையில் இருக்கும். சீருடை வேண்டாம், அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற பழைய முழுக்கைச் சட்டையும் முழுக்கால் பேண்ட்டோ சுடிதாரோ போதும். பளிச்சென்ற நிறம் மட்டும் வேண்டாம், பறவைகள் ஒதுங்கிப்போகும். காலுக்கு ஷூ. கொசு மருந்தை வீட்டிலேயே தடவி அனுப்புங்கள். தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில், சாப்பாடு டிபன் பாக்ஸில். சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் எதுவும் வேண்டாம். இத்தனை பேர் பாடுபட்டுக் குப்பை அள்ளிய இடத்துக்கு நம் பள்ளியின் பெயரில் ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போகக் கூடாது. காலை எட்டு மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். டியூஷனுக்கு மாலையில் தாராளமாக நேரம் இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தைப் பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால் அனுமதிக் கடிதத்தில் சரியான எண்ணிக்கையை எழுத வசதியாக இருக்கும். போன முறை நாம் சொன்ன எண்ணிக்கைக்கு ஏற்ப வழிகாட்டிகள் வந்து காத்திருந்தார்கள். வேறு ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

கடைசியாக, நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கட்டி அனுப்பிய தாய்மார்களுக்கு நன்றி. கொண்டுவராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே வைத்திருந்தீர்கள், கவனித்தேன். கூட்டத்தைச் சமாளிக்க வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்த இரண்டு தந்தையருக்கும் நன்றி. நம் மாணவி ஒருத்தியின் தாத்தா, முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர், பயணத்துக்கு முந்தின நாள் வகுப்புக்கே வந்து பேசினார். கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் திட்டாகப் போட்டுவிட்டால் ஆற்றுக்குள் மீன் ஏறாது, ஆற்றுத் தண்ணீரும் நாறிப்போகும் என்று அவர் சாக்பீஸ் எடுத்துப் பலகையில் வரைந்து காட்டினார். மறுநாள் பூங்காவில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் பாதி அவர் சொன்னதிலிருந்து கிளம்பியவை. இப்படி ஆற்றையும் கடலையும் மரத்தையும் அறிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஜனவரிப் பயணத்துக்கு முன் அவர்களையும் அனுப்பி வையுங்கள். பெரும் உதவியாக இருக்கும்.

போன முறை வராத மாணவர்கள் விரும்பினால் ஜனவரியில் மற்றப் பிரிவினரோடு சேர்ந்து வரலாம். அதற்கும் அதே படிவம்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். ஜனவரியில் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பார்கள்.

விடுமுறை நல்லபடியாக அமையட்டும். பொங்கல் வாழ்த்துகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்