ஏ.ஐ. படிப்பைப் பட்டியலில் முதலாவதாக எழுதும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியான நாளிலிருந்து மாலை நேரங்களில் என் வீட்டுத் திண்ணைக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை நிரப்புவதில் அவர்களுக்கு உதவி வருகிறேன். இந்த ஆண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் கொண்டுவந்த தாளின் முதல் வரி ‘ஏ.ஐ. - டி.எஸ்.’ என்றே இருந்தது, அதாவது, பி.டெக். செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், “இனிமேல் எல்லாம் அதுதானே சார்” என்பதைத் தாண்டி ஒரு பதில் வருவது அரிதாக இருக்கிறது. ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளும், பல வீடுகளில் இருக்கிற ஒரே சேமிப்பும் இந்த ஒரு வரியை நம்பிப் போகின்றன என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்படிப்பு வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமில்லை. தகுந்த பிள்ளைக்குத் தகுந்த கல்லூரியில் கிடைத்தால் இது மிக நல்ல படிப்பு. எந்தப் பிள்ளைக்கு, எந்தக் கல்லூரியில் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமலே பாடப்பிரிவின் பெயர் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடுவதுதான் என் ஆதங்கம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பில் நான்கு ஆண்டுகள் என்ன நடக்கும் என்று பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது. இயந்திர மனிதர்களைச் செய்வோம், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலிகளை உருவாக்குவோம் என்று எண்ணி வருகிறார்கள். உண்மையில் இதன் அடித்தளம் கணிதம். அதன் தொடக்கம் நம்முடைய மேல்நிலை வகுப்புப் பாடநூல்களிலேயே இருக்கிறது. அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர் இயற்கணிதமும், பிளஸ் 1 வகுப்பில் வரும் பேயீஸ் தேற்றமும், பிளஸ் 2 வகுப்பில் வரும் பகுதி வகைக்கெழுக்களும் நிகழ்தகவுப் பரவல்களும்தான் பிற்பாடு இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை) என்ற பெயரில் வளர்ந்து நிற்கின்றன. மூளை நரம்புகளின் இணைப்பைப் பார்த்து அமைத்த கணக்கீட்டு முறையான ஒரு நரம்பு வலையமைப்பு ‘கற்றுக்கொள்கிறது’ என்று சொல்வதன் பொருள், அதன் விடையில் உள்ள பிழை எந்தத் திசையில் குறைகிறது என்று பகுதி வகைக்கெழுக்களால் கண்டறிந்து, அதில் உள்ள எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவதுதான். ‘மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன், இனி அந்தப் பக்கமே போகக் கூடாது’ என்று கணிதப் புத்தகத்தை மூடிவைத்த மாணவர் இந்தப் படிப்பில் சேர்ந்தால், அந்தப் புத்தகத்தைத்தான் மறுபடியும், இன்னும் தடிமனாக, திறக்க வேண்டியிருக்கும்.

ஆகையால், இப்படிப்பை விரும்பி வருகிறவர்களிடம் நான் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்பு ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்கிறேன். ஓர் ஊரில் ஆயிரம் பேர். அவர்களில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரை ஒரு பரிசோதனை சரியாகக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நோயில்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கு நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டிவிடும். ஒருவருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அநேகமாக எல்லோரும் 90 விழுக்காடு என்பார்கள். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்குத் தவறான முடிவு வருகிறது. அவர்களோடு சரியாகக் கண்டுபிடிக்கப்பட்ட 9 பேரையும் சேர்த்தால் மொத்தம் 108 பேர். அவர்களில் நோயாளிகள் ஒன்பதே பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். இந்த விடையைக் கேட்டதும் சில பிள்ளைகள் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். வேறு சிலர் தாளை வாங்கிக்கொண்டு, நூறு பேருக்கு நோய் இருந்தால் விடை எப்படி மாறும் என்று தாங்களாகவே போட்டுப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளையின் கட்-ஆஃப் ஐந்து மதிப்பெண் குறைவாக இருந்தாலும் இப்படிப்பு அந்தப் பிள்ளைக்கானது என்று தயங்காமல் சொல்வேன். முதல் வகைப் பிள்ளைகளிடம் குறை ஒன்றும் இல்லை. அவர்களுடைய ஆர்வம் வேறிடத்தில் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

செயற்கை நுண்ணறிவு என்று பெயரிட்ட பட்டம் இருந்தால்தான் அத்துறைக்குள் நுழைய முடியும் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. அதற்கு நம் சென்னை மண்ணிலிருந்தே ஒரு பதில் உண்டு. கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருதை 1994ஆம் ஆண்டு எட்வர்டு ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்ட ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவர்; மனிதப் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளச் செய்யும் ஆய்வில் பெரும் பங்காற்றியவர். அவர் இளநிலையில் படித்தது கிண்டி பொறியியல் கல்லூரியில், சிவில் பிரிவில். 1958ஆம் ஆண்டு அங்கே பட்டம் பெற்று, பிறகுதான் கணினிப் பக்கம் போனார். 2024ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் படித்தது சோதனை உளவியல். அதே ஆண்டு, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் நிரலுக்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஜான் ஜம்பர் இளநிலையில் இயற்பியலும் கணிதமும் படித்தவர். அவர்கள் காலத்தில் இந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆயினும், பிற துறையில் ஆழமாகக் காலூன்றியவர்களை இத்துறை இன்றைக்கும் வரவேற்கிறது. மின்கட்டமைப்பைப் பற்றியோ, பயிர் நோயைப் பற்றியோ அறியாதவர் அவற்றுக்கான தரவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேள்வி கேட்பது என்றே திகைத்துப்போவார்.

இனி இரண்டாவது கேள்வி, எந்தக் கல்லூரியில் என்பது. இந்தியாவில் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரிலான பி.டெக். படிப்பை ஹைதராபாத் ஐ.ஐ.டி. 2019இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றிலும் ஏ.ஐ. - டி.எஸ். பிரிவு வந்துவிட்டது. 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடங்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நீக்கியது. இடங்களைக் கூட்டுவதற்கு ஓர் அனுமதிக் கடிதம் போதும். அந்த இடங்களில் அமரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆள் வேண்டும். இயந்திரக் கற்றலில் முறையாகப் பயின்றவர்களைத் தொழில் நிறுவனங்கள் பெரும் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும்போது, சிறு நகரத்துத் தனியார் கல்லூரி கொடுக்கும் ஊதியத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்?

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் கதையை வருத்தத்தோடு சொல்கிறேன். 2021இல் அவருடைய தந்தை மூன்று மா நிலத்தை ஒத்திக்கு வைத்து, ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இப்படிப்பில் சேர்த்தார். அங்கே ஆழ்கற்றல் (பல அடுக்கு நரம்பு வலையமைப்புகள் பற்றிய) பாடத்தை நடத்தியவர், மாணவர் சேர்க்கை குறைந்த வேறொரு துறையிலிருந்து மாற்றப்பட்டு, சில வாரப் பயிற்சி பெற்று வந்தவர். அவர் நல்ல மனிதர். தனக்கே புரியாத பாடத்தை நடத்த வேண்டிய நிலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது கல்லூரி நிர்வாகம்தான். ஆய்வகக் கணினிகளில் ஒரு சிறு ஏ.ஐ. மாதிரியைக்கூட (மாடல்) பயிற்றுவிக்க முடியாததால், முந்தைய ஆண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியே செய்முறைத் தேர்வை முடித்தார்கள். இறுதியாண்டுப் புராஜெக்டை வகுப்பில் பாதிப் பேர் வெளியில் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று அந்த மாணவர் கையில் பட்டம் இருக்கிறது. புள்ளியியலை முதலிலிருந்து தானாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலை வராமலிருக்கப் பெற்றோர் முன்கூட்டியே பார்க்கக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் தன் இணையதளத்தில் கட்டாயமாக வெளியிட வேண்டிய விவரங்களில் துறைவாரியான ஆசிரியர் பட்டியலும் ஒன்று. ஏ.ஐ. துறையின் ஆசிரியர்கள் எந்தப் பாடத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள் என்று அதில் பார்த்துவிடலாம். ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’, அதாவது தேசிய அங்கீகார வாரியத்தின் தரச் சான்று பெற்றது, என்று விளம்பரப் பலகையில் எழுதியிருந்தால், எந்தப் பிரிவுக்கு என்று அவசியம் கேட்க வேண்டும். அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. பாடப்பிரிவு வாரியாகத்தான் கிடைக்கும், அதுவும் அந்தப் பிரிவில் குறைந்தது இரண்டு ‘பேட்ச்’ மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே விண்ணப்பிக்க முடியும். இயந்திரவியல் துறை பெற்ற அங்கீகாரத்தின் நிழலில் நேற்றுத் தொடங்கிய பிரிவும் நின்றுகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கணினி அறிவியல், ஏ.ஐ. ஆகிய இரண்டு பிரிவுகளின் பாடத்திட்டங்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையிலேயே (பாடத்திட்ட விதிகளிலேயே), செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் என்ற பாடம் கணினி அறிவியல் மாணவர்களுக்கும் கட்டாயமாக இருந்தது. ஏ.ஐ. பிரிவில் அவை இரண்டு தனித்தனிப் பாடங்களாக விரிந்து, அவற்றோடு தரவு ஆய்வும் ஆழ்கற்றலும் சேர்கின்றன. வேறுபாடு உண்மையானது, ஆனால் விளம்பரம் காட்டுகிற அளவுக்குப் பெரியதில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்வதால், ஒரே பெயர் கொண்ட பட்டம் இரண்டு கல்லூரிகளில் இரண்டு வேறு படிப்பாகவே இருக்கவும் கூடும். காரைக்குடி, சேலம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகளில் மின்னியலோ மின்னணுவியலோ கிடைக்கக்கூடிய மதிப்பெண் இருந்தும், பெயர் தெரியாத கல்லூரியின் ஏ.ஐ. பிரிவை அதற்கு மேலே எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இருக்கும் இடங்களில் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் கணினி ஒதுக்கும். நாம் எழுதிய வரிசைதான் நமக்கு விதி.

வேறு பிரிவில் சேர்ந்தவர்களுக்கு இத்துறையின் கதவு மூடிவிடுவதில்லை. அதே 2021 ஒழுங்குமுறையில், கூடுதலாக 18 கிரெடிட் (பாட மதிப்பலகு) படித்து வேறொரு துறையில் மைனர் பட்டம் (துணைப் பட்டம்) பெறும் வழி வைத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜே.இ.இ. எழுதாமலே, நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம். கல்லூரியில் வேறு படிப்பு படித்துக்கொண்டே அதையும் தொடரலாம். முதுகலைக்குச் செல்ல விரும்புவோருக்காக, 2024 முதல் கேட் தேர்வில் தரவு அறிவியல் மற்றும் செயற்கை நுண்ணறிவு என்று தனித் தாளே இருக்கிறது. நான்கு ஆண்டு கழித்தும் இதே ஆர்வம் நீடிக்கிற பிள்ளைக்கு அது இன்னும் உறுதியான வழி.

இந்த நான்கு ஆண்டு என்ற கால அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் இப்படிப்பில் சேர்ந்த முதல் ‘பேட்ச்’ மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, 2022 நவம்பரில், சாட்ஜிபிடி வந்தது. அவர்கள் அதுவரை பழகியிருந்த கருவிகளில் பல பின்னுக்குப் போயின. பேயீஸ் தேற்றமும் அணிக் கணக்கும் அப்படியே நின்றன. தொண்ணூறுகளின் இறுதியில் எல்லோரும் கணினிக்கு ஓடியதையும், 2001இல் தயங்கி நின்றதையும், பத்தாண்டு கழித்து மெக்கானிக்கல் பிரிவுக்கு முண்டியடித்ததையும், அதே பிரிவில் பின்னாளில் இருக்கைகள் காலியாகக் கிடந்ததையும் நான் வகுப்பறையிலிருந்து பார்த்தவன். சேரும் நாளின் சந்தை வெளியேறும் நாளில் இருந்ததே இல்லை.

தமிழ் வழியில் படித்த அரசுப் பள்ளி மாணவர்கள் இப்படிப்பைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிளஸ் 2 வகுப்பில் கணினி அறிவியல் படிக்காதவர்களும் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே சேரலாம். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வருகிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்கள் தடுமாறுவது முதல் பருவத்தில், தெரிந்த கணக்கே ஆங்கிலத்தில் வரும்போதுதான். நம் பாடநூலின் இறுதியில் உள்ள கலைச்சொல் பட்டியலைக் கல்லூரி திறப்பதற்கு முந்தைய விடுமுறையில் படித்துவைத்தால் அந்தத் தடுமாற்றம் பெருமளவு குறையும்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரிக் குறியீட்டையும் பிரிவுக் குறியீட்டையும் சொடுக்கும்போதே, அந்தப் பிரிவின் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்துறையில் பட்டம் பெற்றவர்கள், சென்ற ஆண்டு உண்மையில் நடத்தப்பட்ட விருப்பப் பாடங்கள் எவை, அந்தப் பிரிவுக்கென அங்கீகாரம் உண்டா என்ற நான்கு விவரங்களும் தமிழில் தெரிய வேண்டும். கைப்பேசியில் அவற்றைத் தேடிப் பார்க்கத் தெரியாத பெற்றோருக்காக, விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் ஒவ்வொரு சேவை மையத்தின் சுவரிலும் அந்த மாவட்டத்துக் கல்லூரிகளின் பட்டியலை அச்சிட்டு ஒட்டிவைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் கலந்தாய்வு தொடங்கும் முன்பு, கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்று பிரிவுகளின் பாடத்திட்டத்தையும் ஒரே பக்கத்தில் அருகருகே வெளியிட்டு உதவினால், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து என் திண்ணைச் சுவரில் ஒட்டிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.